பட்டு சுற்றிய கம்பிச் சுருள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் புடைப்புத் தையலில் (உருவங்கள் துணிக்கு மேல் எழும்பி நிற்கும் எம்பிராய்டரி) வரும் வண்ணச் சுருள்களை, ஜர்தோசி ஸ்பிரிங்கில் (எம்பிராய்டரிக்கான உலோகக் கம்பிச் சுருள்) சாயம் பூசிச் செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். சாயம் உரியும், பட்டின் பளபளப்பும் வராது. திருபுவனம் சேலை ஜரிகையில் பட்டு உள்ளே, வெள்ளித் தகடு வெளியே. நீங்கள் கேட்கும் வண்ணச் சுருளில் தலைகீழ்: உள்ளே கம்பி, மேலே பட்டு. வீட்டிலேயே செய்யலாம்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் 38 கேஜ் (0.15 மி.மீ.) எனாமல் செம்புக் கம்பி கேளுங்கள். பட்டு முறுக்கில்லாததாக இருக்க வேண்டும். நெசவுக்கான பாவுப் பட்டு முறுக்கியது. கம்பியில் பரவிப் படியாமல் வரிவரியாக நின்று, இடையில் செம்பைக் காட்டிவிடும்.

கைத் துரப்பணத்தை மேசையில் இறுக்கி, 1 மீட்டர் கம்பியை அதில் மாட்டுங்கள். மறுமுனையில் தூண்டில் கடையில் கிடைக்கும் சுழல் வளையம். அதிலிருந்து ஒரு கயிறு மேசை விளிம்பைத் தாண்டி 100 கிராம் எடையோடு தொங்கட்டும். வளையம் இல்லாவிட்டால் கம்பி முறுக்கேறி அறுந்துவிடும். துரப்பணத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, பட்டு இழையைக் கம்பிக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிடித்து நெருக்கமாக ஓட்டுங்கள். விரல் சொரசொரப்பாக இருந்தால் இழை பிசிறும். முந்தின இரவே தேங்காய் எண்ணெய் தடவி, வேலைக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பிறகு பட்டு சுற்றிய கம்பியை 1 மி.மீ. தடிமனுள்ள ஊசியில் சுற்றுக்குச் சுற்று ஒட்டியபடி சுருட்டி உருவுங்கள். 1 செ.மீ. சுருளுக்குச் சுமார் 16 செ.மீ. கம்பி பிடிக்கும். கணக்கில்லாமல் இறங்கினால் ஒரு பூவிதழிலேயே கம்பி தீர்ந்துவிடும். உருவும்போது இழுக்காதீர்கள்: ஒருமுறை விரிந்த சுருள் திரும்ப நெருங்காது.

கேள்வி: வெட்டிய முனையில் பட்டு பிரிகிறது. ஆரி ஊசியால் தைக்கலாமா? பழைய வேலையில் பச்சைக் கறை வேறு!
– வாசகர், திருவாரூர்

பதில்: வெட்டும் இடத்தில் நீர்த்த வெள்ளைப் பசையை ஊசிமுனையளவு வைத்து, காய்ந்தபின் வெட்டுங்கள். ஆரி ஊசியின் கொக்கி பட்டைக் கிழிக்கும். 10ஆம் எண் தையல் ஊசியில் மெழுகு பூசிய நூலைக் கோத்து, மணி கோர்ப்பது போலத் துண்டுக்குள் செலுத்தித் தையுங்கள். 8 மி.மீ. துண்டை 6 மி.மீ. இடைவெளியில் தைத்தால் வளைந்து எழும்பும். 8க்கு 8 என்றால் படுத்துவிடும்.

பச்சைக் கறை எனாமல் பூசாத செம்புக் கம்பியின் வேலை; வியர்வை உப்பும் டெல்டா ஈரமும் சேர்ந்தால் சீக்கிரமே வரும். எனாமல் கம்பியிலும் வெட்டுமுனை வெறுமையாகவே இருக்கும். அதனால் பிளாஸ்டிக் கவரில் மூடாமல், காடாத் துணியில் சுற்றி வையுங்கள். துவைப்பதும் இஸ்திரி போடுவதும் கூடவே கூடாது.