டர்பனில் பைக்குக்கு ஸ்பேர் சாவி: ஏன் இவ்வளவு காசு, எப்படிக் குறைப்பது

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து ஆறு மாதம், வேலைக்குப் போய்வர ஒரு ஜப்பான் கம்பெனி பைக்கைத் தனியாரிடம் வாங்கிவிட்டீர்கள், கையில் ஒரே சாவிதான். ஊரில் பஸ் ஸ்டாண்டு ஓரம் பத்து நிமிஷத்தில் வெட்டித் தருகிற சாவிக்கு இங்கே டீலர் ஆயிரக்கணக்கில் ராண்டு கேட்கிறார், வாரக்கணக்கில் காத்திருக்கவும் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா? லீவில் போகும்போது கோயம்புத்தூரிலேயே ஒன்று வெட்டிக்கொண்டு வந்துவிடலாமா?

ஏமாற்றவில்லை. ஆனால் அவர் சொன்ன முதல் விலைக்கே தலையாட்டவும் வேண்டாம். உங்கள் சாவி எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

சாவியின் தலைக்குள் சிப் இருந்தால்தான் இத்தனை பாடும். அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் (கம்பிச்சுருள்) இருக்கும்; சுவிட்சைப் போட்டதும் காயில் அனுப்பும் அலையிலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். ஈசியூவில் (இன்ஜினை ஆளும் சின்னக் கணினி) பதிந்த எண்ணோடு அது பொருந்தினால்தான் இன்ஜின் ஓடும். மீட்டரில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட சிவப்பு விளக்கு சில விநாடி எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். அப்படி ஒரு விளக்கு இருந்தால் சிப் இருக்கிறது. சந்தேகம் தீரவில்லையா? சமையலறை அலுமினியத் தாளை எடுத்துச் சாவியின் தலையை மட்டும் நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பூட்டு திரும்பும், விளக்கு கண்சிமிட்டும், இன்ஜின் பிடிக்காது என்றால் அது சிப் சாவி. ஒன்றும் ஆகாமல் கிளம்பிவிட்டால் உங்களுக்கு யோகம். வெறும் தகடு, எந்த மாலிலும் சாவி வெட்டும் கடையில் ஒரு மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) சாப்பிடுகிற காசை ஒட்டி முடிந்துவிடும். நம் ஊரிலிருந்து வரும் டிவிஎஸ், பஜாஜ், ஹீரோ டெலிவரி வண்டிகளும் ராயல் என்ஃபீல்டின் 350களும் பெரும்பாலும் இந்த ரகம்தான். சில்கா, ஜேஎம்ஏ போன்ற கம்பெனிகளின் பிளாங்க் (வெட்டாத சாவி) இங்கே தாராளமாகக் கிடைக்கும். ஒன்றே ஒன்று: ஹோண்டாவுக்கு இடப் பள்ளம், வலப் பள்ளம் என்று இரண்டு வகைப் பிளாங்க் உண்டு. கடைக்காரர் அவசரத்தில் மாற்றி எடுத்தால் சாவி துவாரத்துக்குள்ளேயே நுழையாது. வெட்டும் முன் இரண்டையும் சேர்த்துப் பிடித்து முனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிப் சாவியின் பில்லைப் பிரித்துப் பார்த்தால் நாலு துண்டு இருக்கும்: சிப்போடு வரும் வெட்டாத சாவி, வெட்டுக்கூலி, ஈசியூவில் பதியும் வேலைக்கூலி, மேலே 15 சதவீத வாட். டீலரிடம் மொத்தமாகக் கேட்காமல் இந்த நாலையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். சில ஒர்க்‌ஷாப்புகள் பதிவதற்கு முழு ஒரு மணி நேரக் கூலி போடும். அடுத்த சர்வீஸோடு சேர்த்துச் செய்தால் அதைக் குறைக்கச் சொல்லலாம், பல இடத்தில் குறைப்பார்கள். காத்திருப்புக்குக் காரணம் வேறு: அந்த மாடலின் பிளாங்க்கை யாரும் அலமாரியில் அடுக்கி வைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை இந்த நாட்டில் பாதி தொழிலே கதவடைத்துவிடும். ஆகவே நவம்பர் முடிவதற்குள் ஆர்டர் போடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கையில் ஒரு சாவி வேலை செய்யும்போது இரண்டாவது சாவி போடுவதும், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுப் போடுவதும் வேறு வேறு வேலைகள். ஹோண்டாவின் ஹிஸ் என்ற சிப் சாவி அமைப்பில் நாலு சாவி வரை பதியலாம். ஆனால் ஏற்கெனவே பதிந்த சாவி ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈசியூவை மாற்றும் நிலைக்குப் போகலாம். யமஹாவின் இம்மொபிலைசர் (சிப் பொருந்தாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத அமைப்பு) மாடல்களில் சிவப்புத் தலைச் சாவி ஒன்றும் கறுப்புச் சாவி இரண்டும் வரும். சிவப்பு ஓட்டுவதற்கல்ல, மற்ற சாவிகளைப் பதிவதற்கு மட்டும். அதைப் போட்டு ஆன், ஆஃப் செய்து உருவி, 5 விநாடிக்குள் கறுப்புச் சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். முதல் சாவி பதிந்ததும் அதே வேகத்தில் இரண்டாவது. புதிதாகப் பதியும்போது பழைய பதிவு போய்விடும் என்பதால் இரண்டு கறுப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிவப்பு தொலைந்துவிட்டால், இருக்கிற கறுப்புச் சாவி வண்டியை ஓட்டும், ஆனால் புதுச் சாவி எதையும் பதிய முடியாது. இம்மொபிலைசர் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று யமஹா கையேடே சொல்கிறது. கேடிஎம்மின் சில மாடல்களில் இந்தச் சிவப்பின் வேலையை ஆரஞ்சுச் சாவி செய்கிறது.

அதனால் வண்டியை விற்றவரை இன்றைக்கே கூப்பிடுங்கள். சிவப்பு அல்லது ஆரஞ்சுச் சாவி, இரண்டாவது சாவி, சாவி எண் பொறித்த சின்னத் தகடு அல்லது கார்டு: இந்த மூன்றும் அவர் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்க நிறைய வாய்ப்பு உண்டு. சாவி எண் கிடைத்தால் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டாமல் எண்ணை வைத்துத் தொழிற்சாலை அளவிலேயே வெட்டலாம். நகலைப் பார்த்து நகல் வெட்டினால் ஒவ்வொரு தடவையும் பிசகு கூடும். பெட்ரோல் டேங்க் மூடி திறக்கும், இக்னிஷன் மக்கர் பண்ணும். அடுத்து யாராவது பழைய வண்டி வாங்கப்போனால் சொல்லுங்கள்: சிவப்புச் சாவி இல்லையென்றால் விலையில் கணிசமாகக் குறைத்துப் பேச வேண்டும், கண்ணாடி உடைந்த மாதிரிச் சின்னக் குறை இல்லை அது.

டீலரிடம் போகும் முன் பேப்பரைச் சரிசெய்யுங்கள். சொந்தக்காரர் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் சாவி ஆர்டர் எடுக்கமாட்டார்கள், எடுக்கவும் கூடாது. வண்டி இன்னும் பழைய ஆள் பெயரில் இருந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். உங்களிடம் தென்னாப்பிரிக்க ஐடி இல்லாததால் முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வாங்கி, ரோட்வொர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற) சான்றிதழோடு வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வாங்கிய 21 நாளுக்குள் மாற்றியிருக்க வேண்டும், தாமதித்தால் அபராதம். கடனில் வாங்கியிருந்தால் டைட்டில் ஹோல்டர் (சட்டப்படி உரிமையாளர்) இடத்தில் வங்கியின் பெயர்தான் இருக்கும். பதிவுச் சான்றிதழின் பிரதியை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். அதற்கே சில நாள் பிடிக்கும். சாவி தொலைந்து கேட்பதானால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு அஃபிடவிட் எழுதிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு கிடையாது. திருடு போயிருந்தால் கேஸ் நம்பரும் வேண்டும்.

டீலரை விட்டு லாக்ஸ்மித்திடம் (பூட்டு, சாவி வேலை செய்பவர்) போகலாமா? தாராளமாக. பல மாடலுக்குக் குறைவாகவே முடியும். பிசிராவில் (தனியார் பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்நாட்டு அமைப்பு) பதிவு இருக்கிறதா, மோட்டார் சைக்கிள் சிப் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். காருக்குச் செய்பவரெல்லாம் பைக்குக்குச் செய்வதில்லை. பதியப்போகிறாரா, குளோன் எடுக்கப்போகிறாரா என்பதையும் கேளுங்கள். குளோன் என்றால் உங்கள் சிப்பின் எண்ணையே புதுச் சிப்பில் எழுதுவது. வண்டிக்கு இரண்டும் ஒரே சாவி. மலிவு, வேகம். ஆனால் நாளைக்கு ஒன்று தொலைந்து அதன் எண்ணை ஈசியூவிலிருந்து அழித்தால் மற்றதும் செத்துவிடும். வேலை முடிந்ததும் இன்ஜினை அணைத்து, புதுச் சாவியாலேயே குறைந்தது ஐந்து தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தபிறகு காசு கொடுங்கள். அந்த நேரம் பழைய சாவி அதே வளையத்தில் தொங்கக் கூடாது. பக்கத்துச் சிப்பின் அலை குழப்பும். சில சமயம் செத்த சாவி வேலை செய்வதுபோலவும் காட்டிவிடும்.

கோயம்புத்தூர் யோசனைக்கு வருகிறேன். சிப் இல்லாத சாவியென்றால் அங்கேயே வெட்டிக்கொண்டு வாருங்கள், தப்பில்லை. சிப் சாவிக்குப் பலன் இல்லை, வண்டி பக்கத்தில் இல்லாமல் பதிய முடியாது. ஒரே சாவியைக் கூரியரில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஆன்லைனில் வாங்கிய காலிப் பிளாங்க்குக்குள் பழைய சிப்பைப் பெயர்த்து வைக்கிறவர்களும் உண்டு. பல சாவிகளில் அது 12 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழல். கத்தியால் நெம்பினால் விரிசல் விட்டுப்போகும்.

அதற்குப் பதில் ஒரு மலிவு வேலை சொல்கிறேன். சிப் இல்லாத வெறும் தகட்டு நகல் ஒன்று வெட்டிப் பர்ஸில் வையுங்கள். இன்ஜின் கிளம்பாது, ஆனால் சீட்டும் டேங்க் மூடியும் ஹேண்டில் லாக்கும் திறக்கும். சாவியைச் சீட்டுக்கடியில் போட்டு அமுக்கிப் பூட்டிவிட்டு நிற்பது இங்கே அன்றாடக் காட்சி. அந்த நேரத்தில் டிரெய்லர் வாடகையை இந்தத் தகடு மிச்சம் பண்ணும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் லாக்ஸ் அண்ட் கீஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் உச்சவரம்பையும் உங்கள் எக்ஸஸையும் (கிளெய்மில் நீங்களே கையிலிருந்து போட வேண்டிய தொகை) ஒப்பிடுங்கள். எக்ஸஸ் பெரிதாக இருந்தால் கிளெய்ம் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. வண்டி திருடு போனால் பல கம்பெனிகள் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும், ஒரு சாவியோடு வாங்கியிருந்தால் அதை இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கீலெஸ் வண்டிகள் (சாவி சொருகாமல், பையில் ரிமோட் இருந்தாலே கிளம்புபவை) உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. அந்த ரிமோட்டில் பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான், வருஷத்துக்கு ஒன்று மாற்றுங்கள். ரிமோட் கைவிட்டாலும் வண்டியைக் கிளப்ப ஹார்லியில் ஐந்து இலக்கப் பின் நம்பர், டுகாட்டியில் நீங்களே போட்டுக்கொள்ளும் பின், இவற்றைச் சாவி கையில் இருக்கும்போதே அமைத்துவிட வேண்டும்.

கடைசியாக, இருக்கிற சாவியை உடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை உப்புக்காற்றில் பூட்டு இறுகும். எண்ணெய் ஊற்றினால் தூசி சேர்ந்து பசையாகிவிடும். கிராஃபைட் தூள் போடுங்கள். ஹேண்டில் லாக் திரும்பாவிட்டால் சாவியை முறுக்காதீர்கள். ஒரு கையால் ஹேண்டிலை லேசாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே திருப்பினால் ஊசி விடுபடும். உள்ளேயே முறிந்துவிட்டால் பசை வைத்து இழுக்கப் பார்க்காமல் லாக்ஸ்மித்தைக் கூப்பிடுங்கள். முறிந்த தலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சிப் அதற்குள்தான் இருக்கிறது. எடுத்த துண்டையும் அதையும் சேர்த்து வைத்துப் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளலாம். அதுவரை தலையைக் காயிலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தகட்டு நகலால் திருப்பினால் வண்டி கிளம்பும்.