ரூலெட்டில் இரட்டிப்பு முறையை வைத்து கேசினோவை ஜெயிக்க முடியுமா?

கேள்வி: ரூலெட் சக்கரத்தில் பந்து சிவப்புக் கட்டத்தில் விழும் என்று 100 ரூபாய் வைக்கிறேன். விழுந்தால் வைத்த அளவு லாபம். தோற்றால் 200, மறுபடி தோற்றால் 400. எப்படியும் ஒரு தடவை சிவப்பு வந்துதானே ஆக வேண்டும்? அப்போது விட்டதெல்லாம் திரும்ப வரும், 100 ரூபாய் லாபமும் நிற்கும். அடுத்த மாதம் நண்பர்களோடு கோவா போகிறேன், 10,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இதில் என்ன தப்பு?

பதில்:

முடியாது. இந்த முறை என்றில்லை, பந்தயத் தொகையைக் கூட்டிக் குறைத்து ஆடும் எந்த முறையாலும் முடியாது. ஆனால் இப்படி ஒரு வரியில் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. சிவப்பு வரும் வரை இரட்டித்துக்கொண்டே போவதை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உட்கார்ந்து பத்துச் சுற்று ஆடிப் பாருங்கள், பெரும்பாலும் பத்திலும் ஜெயிப்பீர்கள். என்னோடு ஒரே அறையில் இருந்த ஓர் அண்ணன் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தார்.

சிங்கப்பூரில் ஷிப்யார்டில் வேலை பார்த்த காலம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என் கட்டிலுக்கு மேல் கட்டில். அந்த ஊர்க் குடிமக்கள் கேசினோவுக்குள் போகக் கட்டணம் கட்ட வேண்டும். பர்மிட்டில் வந்த எங்களுக்குக் கட்டணம் கிடையாது. சனிக்கிழமை ஓவர்டைம் இல்லையென்றால் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சட்டைப்பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. "தம்பி, இது சூது இல்லடா, கணக்கு" என்பார். 10 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வோம்) ஆரம்பித்து, தோற்கத் தோற்க இரட்டிப்பார். ஒரு சுற்று ஜெயித்தால் 10 வெள்ளி லாபம். இருபது சுற்று ஜெயித்து 200 வெள்ளி வந்ததும் எழுந்துவிடுவார். நான்கு சனிக்கிழமை அப்படியே நடந்தது. 800 வெள்ளி என்பது அப்போது எங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஐந்தாவது சனிக்கிழமையின் பக்கத்தை நான் பார்த்தேன். பதிமூன்று சுற்று ஜெயித்திருந்தார். அதன் கீழே 10, 20, 40, 80, 160, 320, 640 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெருக்கல் குறி. கடைசியில் 1280 என்று எழுதி அடித்திருந்தார். அந்த மேசையில் ஒரு தடவைக்கு 1,000 வெள்ளிக்கு மேல் வைக்க முடியாது. கையிலும் அவ்வளவு இல்லை. ஏழு தோல்வியில் போனது 1,270 வெள்ளி.

இது அவருடைய கெட்ட நேரம் என்றுதான் அறையில் எல்லோரும் சொன்னோம். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் 37 கட்டங்கள்: சிவப்பு 18, கறுப்பு 18, பச்சையில் ஒரு பூஜ்யம். சிவப்பில் வைத்தால் 37-ல் 19 தோல்வி. தொடர்ந்து ஏழு தோல்வி வர வாய்ப்பு ஏறக்குறைய 106-ல் ஒன்று. ஒரு மாலையில் இருபது சுற்று ஆடுகிறவருக்கு, ஆறு சனிக்கிழமையில் ஐந்தில் ஜெயித்து ஒன்றில் மாட்டுவதுதான் சராசரி. அவருக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

106 சுற்று ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 105 சுற்றில் பத்துப் பத்தாக 1,050 வெள்ளி வரும். ஒரு சுற்றில் 1,270 போகும். நிகரம் 220 நட்டம். இப்போது இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். இந்த 106 சுற்றிலும் அவர் மேசையில் எடுத்து வைத்த பணத்தை எல்லாம் கூட்டினால் சராசரியாக 8,000 வெள்ளி சொச்சம். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் கேசினோவின் பங்கு 2.7 சதவீதம். 8,000-க்கு 2.7 சதவீதம் போட்டுப் பாருங்கள், அதே 220 சுமார் வந்து நிற்கும். முதன்முதலில் இதைப் போட்டபோது நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த 2.7 எங்கிருந்து வருகிறது? 37 எண்ணிலும் தலா ஒரு வெள்ளி வையுங்கள். ஏதாவது ஓர் எண் வந்தே தீரும். அதற்கு 35 வெள்ளி கொடுப்பார்கள், நீங்கள் வைத்த ஒன்றும் திரும்பும், ஆக 36. வைத்தது 37. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் பணம் மாற்றும் கடையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிடித்துக்கொள்வதைப் போலத்தான். சின்னத் தொகையை முதலில் மாற்றினாலும் பெரியதை முதலில் மாற்றினாலும் பிடிப்பது பிடிப்புதான். டி அலம்பேர், லபூஷேர், ஃபிபனாச்சி என்று பந்தய முறைக்கு என்ன பெயர் வைத்தாலும் எல்லாமே தொகையை எந்த வரிசையில் வைப்பது என்பதைப் பற்றியவை. வைக்கும் ஒவ்வொரு தொகையிலும் பிடிப்பு இருக்கும்போது மொத்தத்தில் மட்டும் எப்படி லாபம் வரும்?

"எப்படியும் சிவப்பு வந்துதானே ஆக வேண்டும்" என்கிறீர்கள். 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோ நாட்டின் மாண்டே கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று அள்ளி அள்ளி வைத்தவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். பந்துக்கு ஞாபகம் கிடையாது. கேசினோவில் மேசை பக்கத்திலேயே கடைசியாக விழுந்த எண்களைப் பலகையில் போட்டிருப்பார்கள். அது உங்களுக்கு உதவுமென்றால் அவர்கள் ஏன் செலவு செய்து மாட்டுகிறார்கள் என்று யோசியுங்கள்.

ரூலெட்டை ஜெயித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். 1961-ல் அமெரிக்கக் கணித அறிஞர்கள் எட்வர்ட் தார்ப்பும் கிளாட் ஷானனும் உடம்பில் மறைத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கணினியைச் செய்து லாஸ் வேகஸில் சோதித்தார்கள். சக்கரமும் பந்தும் சுற்றும் வேகத்தைக் கால் விரலால் அழுத்திக் குறித்தால், பந்து எந்தப் பகுதியில் விழும் என்று காதில் ஒலி வரும். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 1985-லேயே இத்தகைய கருவிகளைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஸ்பெயினில் கார்சியா பெலாயோ என்பவர் 1990-களின் தொடக்கத்தில் மாட்ரிட் கேசினோவில் ஆயிரக்கணக்கான முடிவுகளைக் குறித்துவைத்து, கோணலான சக்கரங்களில் அடிக்கடி விழும் எண்களைக் கண்டுபிடித்து ஜெயித்தார். அவர் செய்தது தப்பில்லை என்று 2004-ல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்கள் எல்லோரும் அடுத்து எது விழும் என்பதைக் கணித்தவர்கள். தொகையை இரட்டித்து ஜெயித்தவர் இந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

உங்கள் 10,000 ரூபாய்க்கு வருகிறேன். அதை 20,000 ஆக்குவதுதான் ஆசை என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் ஒரே தடவையில் சிவப்பில் வைத்தால் வாய்ப்பு 48.6 சதவீதம். ஆயிரம் ஆயிரமாக, இரட்டிப்பாகும் வரையோ தீரும் வரையோ ஆடினால் சுமார் 37 சதவீதம். நூறு நூறாக ஆடினால் அரை சதவீதம்கூட இல்லை. எனக்கே முதலில் நம்ப முடியவில்லை. சின்னதாக வைத்து நிதானமாக ஆடுவதுதான் பத்திரம் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு நேரம் மேசையில் இருக்கிறோமோ அத்தனை தடவை அந்தப் பணம் பிடிப்புக்குள் போய் வருகிறது.

அந்த அண்ணன் ஐந்தாவது சனிக்கிழமையோடு நிறுத்தியிருந்தால் நட்டம் 340 வெள்ளிதான். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று கடன் வாங்கி, 20 வெள்ளியில் ஆரம்பித்தார். அதில் ஆறு தோல்வி வந்தாலே 1,260 போய்விடும். வந்தது, போனது. இரண்டு மாதம் ஊருக்குப் பணம் அனுப்பவில்லை. அவர் மனைவி என் போனுக்கு அழைத்து, "ஏன் தம்பி, அங்க சம்பளம் போடலையா?" என்று கேட்டார். ஆமாம் அக்கா என்று பொய் சொன்னேன். அது இன்னும் உறுத்துகிறது.

கோவாவில் ஆடித்தான் பார்க்க வேண்டுமென்றால், உட்காருமுன் சக்கரத்தில் பச்சைக் கட்டங்களை எண்ணுங்கள். இரண்டு பூஜ்யம் இருந்தால் பிடிப்பு 5.26 சதவீதம், வேறு மேசை பாருங்கள். அந்த 10,000 போக மற்ற பணத்தையும் கார்டையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இரட்டிப்பு மட்டும் வேண்டாம். 100 ரூபாயில் ஆரம்பித்தால் ஆறு தோல்வியிலேயே 6,300 போயிருக்கும், ஏழாவதுக்கு 6,400 வேண்டும். உங்களிடம் இருப்பது 3,700.