இலவச டெலிவரி

கேள்வி: இணையக் கடையில் 12 வெள்ளிக்கு புளூடூத் இயர்போன் வாங்கினேன், டெலிவரி இலவசம். என் காசில் நான் வாங்குவதால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு, யாருக்கு என்ன நஷ்டம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இலவசம் என்று காதில் விழுந்தால் போதும், நம்மவர்கள் பினாங்குப் பாலத்தை நடந்தே கடந்து வந்துவிடுவார்கள். கல்யாண மண்டபங்களில் இலைக்கு ஒன்றாகக் கால் லிட்டர் தண்ணீர்ப் போத்தலை இலவசமாக வைப்பதையும், விருந்தினர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு எழுந்து போவதையும், மீதி மூடியோடு கறுப்புப் பைக்குள் விழுவதையும் இந்தப் பகுதியில் எழுதியதற்காக ஒரு மண்டப முதலாளி இன்றுவரை என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. தம் மகள் கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. அதனால் ஒரு போத்தல் மிச்சமாயிற்று என்று ஆறுதல் கொண்டேன்.

அந்தப் போத்தல்களும் உங்கள் பார்சலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் போய்ச் சேருவது நிபோங் திபால் பக்கமுள்ள புலாவ் புரோங் குப்பைமேட்டுக்குத்தான். 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்தபோது, அந்தப் புகையைச் சுவாசித்த கம்பத்து மக்கள் நம்மில் எவருடைய பார்சலையும் ஆர்டர் செய்தவர்கள் அல்லர்.

இயர்போனுக்கு வருகிறேன். அதனுள் ஒலியெழுப்பும் சின்னஞ்சிறு காந்தம் பெரும்பாலும் நியோடிமியம் என்னும் அருமண் (ரேர் எர்த்) தனிமம் கலந்தது. அருமண்ணைப் பிரித்தெடுக்கும் வேலையில் இன்று பெரும்பகுதி சீனாவில் நடக்கிறது. உள்மங்கோலியாவின் பாவ்தோவ் நகருக்கு அருகே அதன் கழிவு ஓர் ஏரியாகவே தேங்கிக் கிடக்கிறது. நமக்கும் அந்த வேலை புதிதன்று. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் தொடங்கியது; ஈயச் சுரங்கங்கள் ஒதுக்கிய மணலிலிருந்து கிடைக்கும் மோனசைட் தாதுவைப் பிரித்து, கதிரியக்கமுள்ள தோரியத்தைக் கழிவாக விட்டது. ஊர் மக்கள் 1985-இல் நீதிமன்றம் சென்றார்கள். நம் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அப்படியும் எதிர்ப்பு ஓயாததால் 1994-இல் ஆலையை மூடினார்கள். சட்டத்தில் தோற்ற பிறகு ஓர் ஊர் வென்ற அந்தக் கதையை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லித்தருவதில்லை என்று நான் கேட்காத கூட்டமில்லை.

தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். உங்கள் இயர்போனுக்கு எத்தனை மாத உத்தரவாதம் கொடுத்தார்கள்?

நீங்கள் கொடுத்த 12 வெள்ளியில் கடைக்காரரின் இலாபமும் கப்பல் கூலியும் அடங்கியிருக்கலாம். பாவ்தோவ் மக்களின் தண்ணீருக்கும் நிபோங் திபால் மக்களின் மூச்சுக்கும் அதில் ஒரு காசுகூட ஒதுக்கப்படவில்லை. நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்களே, அவர்களுக்குத்தான். இத்தனைக்கும் அதன் பேட்டரியை மாற்ற வழியில்லை. ஓரிரு ஆண்டில் அடங்கிவிடும். அன்று அதை வீட்டுக் குப்பையோடு கட்டிப் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை லாரிக்குள்ளேயே தீப்பிடிக்கும்.