கணினி கேள்வி – பதில்: ஃபார்மட் செய்வதற்கு முன்னால்

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேம் இருந்தது. மெதுவாக இருக்கிறது என்று பழைய 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கிக் கூடுதலாகப் போட்டோம். அதிலிருந்து அடிக்கடி நீலத் திரை வந்து 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று காட்டி நின்றுவிடுகிறது. குடும்ப போட்டோக்கள் உள்ள ஜிப் ஃபைலைப் பிரித்தால் எரர் என்கிறது. கடையில் ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா சார்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம்மா. ரேம் (கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) பழுதாக இருந்தால், புதிதாக விண்டோஸ் போட்ட பிறகும் அதே நீலத் திரை வரும். போட்டோக்கள் போனதுதான் மிச்சமாகும்.

ஒரு ஃபைலை காப்பி செய்யும்போது அது ரேம் வழியாகத்தான் போய் வருகிறது. அங்கே ஒரு பிட் (தகவலின் மிகச் சிறிய அலகு, 0 அல்லது 1) பிசகினால், பிசகியபடியே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். எல்லோரும் நீலத் திரைக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு அது வராத நேரத்தை நினைத்தால்தான் பயம். ஜிப் ஃபைலில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, அதனால் பழுது என்றால் சொல்லிவிடும். சாதாரண போட்டோ ஃபைல் அப்படிச் சொல்லாது. என்றைக்கோ திறந்து பார்த்தால் மேல்பாதியில் முகம் இருக்கும், கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறப் பட்டையாக இருக்கும். ஆகவே ரேம் பிரச்சினை தீரும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் பேக்கப்கூட எடுக்க வேண்டாம்.

சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். புதிதாகப் போட்ட ரேமின் ஓரத்துக் கிளிப்பை விலக்கி, அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். நீலத் திரை நின்றுவிட்டால் பிரச்சினை அந்த ரேமிலோ அது இருந்த ஸ்லாட்டிலோதான். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ரேமின் தங்க நிறப் பல்வரிசை சீக்கிரம் மங்கிப்போகும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். பிறகு நன்றாக இயங்கிய ஸ்லாட்டில் அதை மட்டும் 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டு, சோதனை செய்யுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால் வரும். ரீஸ்டார்ட் ஆகிச் சோதனை தொடங்கியதும் எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' தேர்ந்தெடுங்கள். இதில் தேறினாலும் நான் விடமாட்டேன். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓடவிடுவேன். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேம் ஆகாது. 'ஒன்றிரண்டுதானே' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டும் தனித்தனியே தேறி, சேர்த்தால் மட்டும் தகராறு என்றால் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஜோடியாக விற்கும் ரேம் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அந்த ஜிப் ஃபைல். இதுவரை பிரிக்கும்போதெல்லாம் வெவ்வேறு போட்டோவில் எரர் வந்ததா? அப்படியானால் ஜிப் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம், நல்ல ரேமில் பிரிந்துவிடும். எப்போதும் ஒரே போட்டோவில் நின்றால் டிஸ்க்கில் இருப்பதே பழுது. அப்போதும் 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் பிரித்தால் மற்ற போட்டோக்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கேள்வி: கரண்ட் போய் வந்ததும் டிஸ்க் சோதனை தானாக ஓடியது. பிறகு என் டி டிரைவில் சில ஃபைல்களைக் காணோம். 'ஃபவுண்ட்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே 'சிஹெச்கே' என்று முடியும் ஃபைல்கள். அழித்துவிடலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தொடாதீர்கள். காணாமல் போனவற்றின் துண்டுகள்தான் அவை. பெயரை இழந்திருக்கும், உள்ளடக்கம் பெரும்பாலும் இருக்கும். ஃபோல்டரை வேறு டிரைவுக்கு காப்பி செய்து, அந்தக் காப்பியில் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை 'ஜேபிஜி' அல்லது 'பிடிஎஃப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். அதற்கும் முன்னால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று காட்டினால் மீண்டும் டிஸ்க் சோதனை ஓட்டக் கூடாது. உயிர் போய்க்கொண்டிருக்கும் டிஸ்க்கை அது இன்னும் வாட்டும். முதலில் முக்கியமான ஃபைல்கள் வெளியே வரட்டும். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: 32 ஜிபி பென்டிரைவ் காலியாக இருக்கிறது. 6 ஜிபி கல்யாண வீடியோ ஏற மறுக்கிறது. ஏன்?
– வாசகி, நாமக்கல்

பதில்: பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே எதுவும் இல்லை என்பதால் எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்யலாம், ஏறிவிடும். டிவியில் போட்டுப் பார்ப்பதாக இருந்தால், உங்கள் டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்ப வரலாற்றை நோட்பேடில் தமிழில் டைப் செய்து வைத்தேன். மறுநாள் திறந்தால் எல்லாம் கேள்விக்குறி. மீட்க முடியுமா? விண்டோஸ் 7 வைத்திருக்கிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, சொல்லவே வருத்தமாக இருக்கிறது. அந்த ஃபைலிலிருந்து மீட்க முடியாது. பழைய நோட்பேட் வழக்கமாக 'ஆன்சி' என்ற முறையில் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் உண்மையாகவே ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். சேமிக்கும்போது எழுத்துகள் இழக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரும். அவசரத்தில் யாரும் ஓகே கொடுத்துவிடுவார்கள். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் நோட்பேட் இயல்பாகவே, தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்', அதில் 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' பாருங்கள். முந்தைய பிரதி ஏதாவது இருக்கலாம். யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் அதையும் தேடுங்கள்.

திரும்ப டைப் செய்யும்போது 'சேவ் ஆஸ்' பெட்டியின் கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். சேமித்ததும் ஃபைலை மூடி, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.