பெயரில் காலம் காட்ட 24 உருபு வேண்டாம்

கேள்வி: அறிவியல் புனைகதைக்காக ஒரு மொழியை உருவாக்குகிறேன். அதில் வினைக்குக் காலம் இல்லை. வேற்றுமை உருபே காலத்தையும் காட்டும். எட்டு வேற்றுமை, மூன்று காலம் என்று 24 உருபுகள் வந்துவிட்டன, எனக்கே நினைவில் நிற்கவில்லை. மொழியைப் பதிந்து தருவதாக ஒருவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: அந்த 24 பள்ளிக்கூட அட்டவணையிலிருந்து வந்தது, தம்பி. பரீட்சைக்காக எட்டு வேற்றுமையையும் பாடமாக்க வைக்கிறார்கள். வசனத்தில் உருபுக்கு என்ன வேலை என்று சொல்லித் தருவதில்லை. அதனால்தான் ஒருவரைக் கூப்பிடும் விளிக்கும் எதிர்கால உருபு போட்டிருக்கிறீர்கள்.

காலத்தை எழுவாயிலும் செயப்படுபொருளிலும் மட்டும் வையுங்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட பிட்டா பிட்டா மொழியில், செயப்படுபொருள் உள்ள வசனத்தில் எழுவாய்க்கு 'லு', செயப்படுபொருளுக்கு 'ந'. அதுவே எதிர்காலமானால் 'ஙு', 'கு'. உருபு பிரிப்பது எதிர்காலத்தையும் மற்றதையும் மட்டுமே. நீங்களும் இந்த நான்கோடு நில்லுங்கள்; இறந்தகாலத்துக்கு 'நேற்று', 'முன்பு' போன்ற சொற்கள் போதும். ஒவ்வோர் உருபும் மெய்யில் தொடங்கட்டும். உயிரில் தொடங்கினால் உயிரில் முடியும் பெயரோடு கலந்து காலம் அழிந்துவிடும். எழுவாயை விட்டுவிட்டு எழுதும் தமிழ்ப் பழக்கமும் இங்கே ஆபத்து: 'போவேன்' போன்ற வசனத்தில் காலத்தைத் தாங்கப் பெயரே இராது. 'நான்' கட்டாயம் வரவேண்டும்.

ஒரு விலக்கைக் கவனமாகப் பாருங்கள். 'பெயர்நிலைக் கிளவி காலம் தோன்றா', அதாவது பெயர்ச்சொல் காலம் காட்டாது என்ற தொல்காப்பியமே தொழிலோடு ஒட்டிய பெயரை விலக்குகிறது. 'வந்தவனை நாளை பார்ப்பேன்' என்பதில் 'வந்தவனை' பெயர்தான். ஆனால் இறந்தகாலத்தைக் காட்டுவது அதன் நடுவிலுள்ள த். கடைசி ஐ வேற்றுமையை மட்டும் காட்டுகிறது. வருகை முடிந்தது, பார்ப்பது இனிமேல். இரண்டு காலமும் மோதவில்லை, ஏனென்றால் ஒன்று ஆளுக்குரியது, மற்றது நிகழ்ச்சிக்குரியது. தென்னமெரிக்காவின் குவாரானி மொழியில் வெறும் பெயருக்கே இது உண்டு: 'ஓகா' வீடு, 'ஓகாகுவே' முன்பு வீடாயிருந்தது, 'ஓகாரா' வீடாகப்போவது. உங்கள் மொழியில் 'இடிந்த வீட்டை நாளை வாங்குவேன்' என்று எழுதிப் பாருங்கள். ஒரே உருபு இரண்டு வேலையையும் செய்தால் வீடு நாளைதான் இடியும். ஆளுக்கும் பொருளுக்கும் உரிய காலத்துக்கு வேறு விகுதி வைத்து, அதை வேற்றுமை உருபுக்கு முன்னால் போடுங்கள்.

காசு கொடுக்காதீர்கள். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு என்ற நடைமுறையே இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கதையும் நீங்கள் தொகுத்த அகராதியும் படைக்கப்பட்டதாலேயே பாதுகாப்புப் பெறும். வேற்றுமையில் காலம் காட்டும் முறை வெறும் யோசனை. அதற்கு எவராலும் உரிமை வாங்கித் தர முடியாது. இது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாததால்தான் தரகர்கள் முத்திரை குத்திய கடதாசியைச் 'சான்றிதழ்' என்று விற்கிறார்கள். சொற்பட்டியல் செய்து விற்பவர்களிடமும் போகவேண்டாம். ஆயிரம் சொல் தருவார்கள், உருபு ஏற்கும் விதியைத் தரமாட்டார்கள். எப்போது எழுதினீர்கள் என்று காட்ட, உங்கள் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் திகதி போட்டு வையுங்கள்.