ஆக்சிஜன் மீட்டர் காலிப்ரேஷன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கேஸ் அனலைசர் சர்வீஸ் பார்க்கிறேன். காலிப்ரேஷன் என்றால், ஆக்சிஜன் அளவு தெரிந்த காற்றையோ கேஸையோ காட்டி மீட்டரின் ரீடிங்கைச் சரிசெய்வது. அதைப் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொடைக்கானலில் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நோயாளிக்குத் தரும் மிஷின்) வாடகைக்குக் கொடுப்பவர்: அண்ணே, மதுரையில் மீட்டர் வைத்தால் 93 சதவீத ஆக்சிஜன் காட்டிய மிஷின், மலைக்கு வந்ததும் 74 காட்டுகிறது. மிஷின் போச்சா?

மிஷினைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது கால்வானிக் செல் மீட்டர். அது சதவீதத்தை நேராக அளப்பதில்லை. ஆக்சிஜன் எவ்வளவு அழுத்தத்தோடு செல்லுக்கு வருகிறதோ, அதற்கேற்பச் செல்லில் சிறு மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரத்தை மீட்டர் சதவீதமாக மாற்றிக் காட்டும். மதுரை கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்தான். கொடைக்கானல் சுமார் 2,100. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மீட்டரைத் திறந்த வெளியில் பிடித்துப் பாருங்கள், 16, 17 என்றுதான் காட்டும். காற்றில் ஆக்சிஜன் விகிதம் மலையிலும் அதே 20.9 தான்.

அதனால் கீழே செய்த காலிப்ரேஷனை மேலே கொண்டுபோகக் கூடாது. மீட்டரை அரை மணி நேரம் அங்கேயே வைத்து, அந்த ஊர்க் குளிருக்குப் பழகியதும், வெளிக்காற்றில் 20.9 வையுங்கள். மிஷின் நல்ல நிலையில் இருந்தால் 93 திரும்பிவரும். நோயாளியின் வீட்டுக்கு நீங்கள் போய்ச் சேர்ந்தபின் இதைச் செய்யுங்கள், வண்டியில் வைத்து வேண்டாம்.

அதே நண்பர்: சில நாள் 98 கூடக் காட்டுகிறதே?

அது சந்தோஷப்படும் விஷயம் இல்லை. கான்சென்ட்ரேட்டர் நைட்ரஜனைத்தான் பிடித்து வைக்கும்; காற்றில் இருக்கும் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஆர்கான் ஆக்சிஜனோடு சேர்ந்தே வரும். 95, 96-க்கு மேல் போக வழியில்லை. 98 என்றால் தப்பு மீட்டரில்தான். ஈரக் காற்றில் காலிப்ரேஷன் செய்திருப்பீர்கள். 35 டிகிரி வெயிலில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால், காற்றில் உண்மையான ஆக்சிஜன் 20.2 அளவுதான். அதை 20.9 என்று வைத்தால், உலர்ந்து வரும் 93 உங்களுக்கு 96 ஆகத் தெரியும். மழைக்குப்பிறகான புழுக்கத்தில் இந்தத் தப்பு எளிதில் நடக்கும். பழுதான மிஷினும் நல்ல மிஷின் போலத் தெரிவதுதான் எனக்குப் பயம். முடிந்தால் சான்றிதழோடு வரும் உலர்ந்த காற்று சிலிண்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மதுரையில் சிப்ஸ் பாக்கிங் யூனிட் நடத்தும் அக்கா: சுத்த நைட்ரஜன் விட்டும் ஆக்சிஜன் மீட்டர் 0.8-க்குக் கீழே இறங்கவில்லை. இதையே பூஜ்யம் என்று வைக்க ஜீரோ பட்டனை அமுக்கிவிடலாமா?

வேண்டாம் அக்கா, முதலில் கசிவைத் தேடுங்கள். ரெகுலேட்டருக்குள் பழைய காற்று தங்கியிருக்கும். சிலிண்டரைத் திறந்து மூடி, மூன்று முறை வெளியே விடுங்கள். அப்புறம் டியூபைப் பாருங்கள். சிலிகோன் டியூப் வழியாக வெளிக்காற்று ஆக்சிஜன் ஊடுருவும். கேஸ் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டும்போது ரீடிங் இறங்கினால், எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். கூட்டுவதிலும் அளவு வேண்டும். வெளியேறும் வாய் திறந்தே இருக்கட்டும், இல்லையென்றால் அழுத்தம் ஏறி ரீடிங்கே கெட்டுவிடும். ரீடிங் அசையாமல் நின்றபின்தான் பட்டன்.

இன்னொன்று. ஏசி அறையைச் சாத்திக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூச்சுத் திணறுவது கூடத் தெரியாமல் ஆள் விழுந்துவிடலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஒருவர் கூட இருக்கட்டும்.

கப்பலூர் பாய்லர் ஆபரேட்டர்: பாய்லர் புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஜிர்கோனியா புரோபுக்கும், ஜீரோ வைக்கும் கேஸ் நைட்ரஜன்தானா சார்?

இல்லை தம்பி. அது வேறு ஜாதி. 700 டிகிரிக்கு மேல் சூடாகி, ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை என்று இரண்டின் விகிதத்தை மடக்கைக் கணக்கில் மில்லிவோல்ட்டாகத் தரும். ஆக்சிஜனே இல்லை என்றால் அந்தக் கணக்குக்குப் பிடிமானம் இல்லை. நைட்ரஜனில் 1 அல்லது 2 சதவீத ஆக்சிஜன் கலந்த சிலிண்டர் கேளுங்கள். காற்று விடும்போது கிட்டத்தட்ட 0 மில்லிவோல்ட் வர வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து ஒருவர்: சிலிண்டர் சான்றிதழ் காலம் முடிந்துவிட்டது, கேஸ் பாதி இருக்கிறது. பயன்படுத்தலாமா?

கசிவு பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். காலிப்ரேஷனுக்கு வேண்டாம்.

அரசு மருத்துவமனை டெக்னீஷியன்: வெளிக்காற்றில் 20.9-க்குக் கொண்டுவர முடியவில்லை, 17-லேயே நிற்கிறது.

செல்லுக்குள் இருக்கும் ஈயம் தீர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் இது நடக்கும். புது செல் போட்டு, ஒரு மணி நேரம் காற்றில் வைத்துவிட்டு காலிப்ரேஷன் செய்யுங்கள். போட்ட தேதியை மீட்டரின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.