நகல் எங்கே போனது?

கேள்வி: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பூவை டூப்ளிகேட் செய்தால் எதுவும் நடப்பதில்லை. குளோன் செய்தாலோ நிறத்தை மாற்ற முடியவில்லை. ஏன்?

பதில்: நகல் வந்துவிட்டது, மூலத்தின் மேலேயே அச்சாக உட்கார்ந்திருப்பதால் தெரியவில்லை. கன்ட்ரோல்-டி அழுத்தியதும் தேர்வில் இருப்பது நகல்தான். அப்படியே இழுங்கள். சந்தேகத்தில் நாலு முறை அழுத்தினால் நாலு நகல் அடுக்காகக் கிடக்கும்.

குளோன், அதாவது ஆல்ட்-டி, வேறு சங்கதி. அது மூலத்தோடு இணைந்தே இருக்கும் நகல். மூலத்தின் நிறம் அதையும் ஆளும். தனி நிறம் வேண்டுமானால் மூலத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையில் கேள்விக்குறிப் பொத்தானை அழுத்துங்கள். மூலம் கறுத்துப்போகும், பதற வேண்டாம். இனி ஒவ்வொரு குளோனுக்கும் விரும்பிய நிறம் தரலாம். பூ குரூப்பாக இருந்தால் உள்ளேயுள்ள இதழ்களில் இதைச் செய்யவேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஒரு குளோனின் வடிவத்தையே மாற்ற, அதைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்-ஆல்ட்-டி அழுத்துங்கள். மூலத்தோடு உள்ள இணைப்பு அறுந்துவிடும். பிறகு மூலத்தில் செய்யும் திருத்தம் அதற்கு வராது.